ஆறு மீட்டர் நிறுத்தம்

இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இங்கே நிற்க வேண்டும்.
ஒரு கையில் கயிறு.
சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற மாதிரிதான்,
ஹாரன் மட்டும் இல்லை.
எதிரே பெள்ளியப்பா
விரலை வளைத்து வட்டம் காட்டுகிறான்.
நானும் காட்டுகிறேன்.
அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை.
இரத்தத்தில் கரைந்த வாயு
வந்த வழியே மெல்லத் திரும்பட்டும்.
விரட்டினால்
கோலி சோடா உடைத்தது போல மூட்டெல்லாம் பொங்கும்.

கீழே படகு.
தட்டை அடி, தேக்குப் பலகை, நடுவில் ஒரு நீராவி வின்ச்.
பாதி தோண்டிய குவாரியில் ஊற்று உடைத்துக்கொண்ட பிறகு
கரைக்குக் கரை கல்தூண் சுமந்தது.
கடலாக இருந்தால் புழு தின்று தீர்த்திருக்கும்.
நன்னீரில் அந்த வேலைக்கு ஆளில்லை.
முளையில் சுற்றிய கயிறு
அப்படியே இருக்கிறது, முடிச்சோடு.
கட்டியவன் இடதுகைக்காரன்.

குறுக்குச் சட்டத்தில் ஆணியால் கீறிய கணக்கு:
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
மறுபடி நாலு, குறுக்கே ஒன்று.
பிறகு மூன்று.
வண்டல் கிளம்பாமல் துடுப்பை மடக்கி
தூண்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
பதினாலு.
சேலத்துப் பக்கம் இருந்து வந்தவனாக இருக்கலாம்,
மாலூர்க்காரனாகவும் இருக்கலாம்.
கோட்டுக்கு மொழி கிடையாது.
பதினாலாவதைக் கீற
அவனுக்கு நேரம் இருந்திருக்காது.

முதல்முறை வந்தபோது நாற்பத்தேழு மீட்டர்.
ஹீலியம் கலந்த வாயு, ஆளுக்கு நாலு சிலிண்டர்,
இதே நிறுத்தத்தில் ஐம்பத்தொரு நிமிடம்.
போன தீபாவளிக்கு முப்பத்தெட்டு.
இன்று இருபத்தொன்பது.
ஹீலியம் வாங்குவதை நிறுத்திவிட்டோம்.
படகு எழும்பவில்லை.
தண்ணீர்தான் இறங்குகிறது.

மோட்டார் ஓடுவது இங்கே
காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது.

தொல்லியல் துறைக்கு மூன்று கடிதம் போட்டேன்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
அது தனியார் நிலம்.

நூறு வருஷம் ஊறிய மரம்
ஏப்ரல் வெயிலில் திடீரென்று காற்றுக்கு வந்தால்
முதலில் நரம்பு நரம்பாக வெடிக்கும்,
பிறகு விரலால் தொட்டால் போதும்.
எனக்கு மணிக்கட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது,
எங்கே நிற்க, எவ்வளவு நிற்க என்று.
அதற்கு யார் சொல்வார்கள்?
ஸ்லேட்டில் நிமிடங்களைக் கோடு போட்டு வந்தவள்
பதின்மூன்றில் பென்சிலை எடுத்துவிட்டேன்.
பெள்ளியப்பா புருவம் உயர்த்தினான்.
வட்டம் காட்டினேன்.

மேலே டேங்கர்கள் வரிசையில் நின்றன.
கெம்பராஜு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
குழாயை மிதித்தபடி கேட்டான்,
"ஏனாத்ரு சிக்தா மேடம்?"
ஏதாவது கிடைத்ததா என்று
ஒவ்வொரு ஞாயிறும் கேட்பான்.
இல்லை என்றேன்.
அவனுக்கு இன்னும் நாலு டிரிப் பாக்கி,
கிளட்ச் வேறு தேய்ந்திருக்கிறதாம்.
பன்னிரண்டாயிரம் லிட்டர் நிரம்பும்வரை
அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்தோம்.
கோபப்படலாம் என்றுதான் இருந்தேன்.
டீயில் இஞ்சி நன்றாக இருந்தது.

ஹொரமாவு, நாலாவது மாடி.
ரெகுலேட்டரை வாளியில் அலசி வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் அடியில்
சாம்பல் நிறத்தில் மெல்லிய வண்டல் படிந்தது.
எனக்குத் தெரிந்த நிறம்.
கை வைக்காமல் குந்தி உட்கார்ந்து
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே இருந்து ஜெபதாஸ் கதவைத் தட்டினான்.
"தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு," என்றேன்.
"சீக்கிரம் குளிச்சிடு."